மெமரி கார்டு தந்த அஞ்செட்டித் தம்பிக்கும், உடன் நின்ற அனைவருக்கும்

பாலக்கோட்டிலும் தருமபுரியிலும் உள்ள உறவினர்கள், நண்பர்கள், உடன் பணியாற்றிய ஆசிரியர்கள், எங்கள் தெருவார் அனைவருக்கும் வணக்கம்.

என் கணவர் தருமபுரி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். நடந்தவை உங்களுக்குத் தெரியும். அவற்றைத் திரும்பச் சொல்லும் மனநிலை எனக்கு இன்னும் வரவில்லை. இரத்தம் கொடுத்தவர்கள், நள்ளிரவில் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர், தருமபுரிக்கு வேளை தவறாமல் சாப்பாடு அனுப்பிய தெருவார், பணத்தைக் கையில் திணித்துவிட்டுக் கணக்கே கேட்காத பழைய மாணவர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள் என எல்லோருக்கும் நாங்கள் இருவரும் கடமைப்பட்டிருக்கிறோம். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன். ஆனால் இம்மடலை எழுத உட்கார்ந்ததே, உங்களில் எவருக்கும் தெரியாத ஒருவருக்காகத்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தம் தந்தைக்காகக் காத்திருந்த, அஞ்செட்டிப் பக்கத்து விவசாயி அவர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். ஓர் இரவு பட்டன் போனில் ஒலியை மிகவும் குறைத்து வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் திரும்பிப் பார்த்ததும் தொந்தரவாக இருக்கிறதோ என்று நிறுத்தப் போனார். ஓடட்டும் என்றேன். “ராஜ்குமார் பாட்டுக்கா” என்றார், கன்னட நடிகரைச் சொல்லி. அந்தக் கன்னடத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் குரலை முதல் அடியிலேயே அடையாளம் கண்டுகொண்டேன். பி. பி. ஸ்ரீநிவாஸ்.

பாவாடை சட்டை வயதில், பக்கத்து வீட்டு வானொலிக்காகத் திண்ணையில் காத்துக்கிடந்தது இந்தக் குரலுக்குத்தான். திருமணத்துக்குப் பிறகு அது மெல்ல விலகிப்போனது. என் கணவர் தீவிரமான டி.எம்.எஸ். கட்சி. 1961-இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் சிவாஜிக்கு டி.எம்.எஸ்., ஜெமினிக்கு பி.பி.எஸ். என்று பிரித்துக் கொடுத்திருந்தார்களே, அந்தப் பிரிவினை எங்கள் வீட்டிலும் இருந்தது. டேப் ரெக்கார்டர் மட்டும் ஒன்றுதான், அது அவர் பக்கம். 2013 ஏப்ரலில் பி.பி.எஸ். மறைந்த செய்தி வந்தபோதுகூட நான் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில்தான் இருந்தேன்.

அந்தத் தம்பியோ இத்தனை காலமும் ராஜ்குமாரே பாடினார் என்று நினைத்திருந்தார். பாடியவர் காக்கிநாடாவில் 1930-இல் பிறந்த தெலுங்கர் என்றும், தமிழில் அவர் ஜெமினி கணேசனுக்குப் பாடினார் என்றும், ராஜ்குமார் தம் பாடல்களைத் தொடர்ந்து தாமே பாடத் தொடங்கியது 1974 முதல்தான் என்றும் வாத்தியார் புத்தி விடாமல் விளக்கினேன். அவர் பாதி நம்பினார். மறுநாள் கடைவீதிப் பக்கம் போய் வந்தவர், ஒரு மெமரி கார்டை என் கையில் வைத்தார். செல்போன் கடைப் பையனுக்குப் பாடகர் பெயர் தெரியாததால், “ஜெமினி பாட்டெல்லாம் போடு” என்று சொல்லி ஏற்றி வந்திருக்கிறார். அதில் சரிபாதி ஏ. எம். ராஜா பாடியவை; அவரும் ஜெமினிக்குப் பாடியவர்தானே! பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. “அப்பா தூங்குறப்ப எனக்கும் கொஞ்சம் வைங்கக்கா, போதும்” என்றார்.

அதன்பின் வந்த இரவுகளில் ஒன்றைக் கவனித்தேன். அந்தக் கூடத்தில் வேறு எந்தக் குரலையும் என்னால் தாங்கியிருக்க முடியாது. பி.பி.எஸ். உச்சத்துக்குப் போகும் இடத்திலும் தொண்டையை அழுத்துவதில்லை. அடியின் கடைசிச் சொல்லை இழுத்து நிறுத்திக் கைதட்டல் கேட்பதில்லை. சொல்லி முடித்ததும் விட்டுவிடுகிறார். இளவயதில் இதைக் காதல் பாட்டுக்கு ஏற்ற குழைவு என்று மட்டுமே நினைத்திருந்தேன். ‘மயக்கமா கலக்கமா’ பாட்டை இப்போது கேட்கும்போது, ஆறுதலையும் அவர் உபதேசமாக்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுகிற அளவிலேயே பாடியிருப்பது தெரிகிறது. அன்றைக்கு என்னிடம் “தைரியமாக இருங்கள்” என்று சொல்லாதவர்கள், அந்தப் பாடகரும் அந்தத் தம்பியும் மட்டுமே என்று நினைக்கிறேன். (சொன்னவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அன்பினால் சொன்னீர்கள் என்று தெரியும்.)

என் கணவரைப் பொது வார்டுக்கு மாற்றிய பிறகு அவர் காதருகிலும் போனை வைத்தேன். நாலைந்து பாட்டுகள் பொறுமையாகக் கேட்டவர், பேச வந்ததும் “நடுவுல ஒரு டி.எம்.எஸ். போடக்கூடாதா?” என்றார். அவர் பிழைத்துவிட்டார் என்று நான் முழுதாக நம்பியது அப்போதுதான்.

தம்பி தம் தந்தையை அழைத்துக்கொண்டு கிளம்பிய காலையில், நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். தொலைபேசி எண்ணையோ ஊரின் சரியான பெயரையோ கேட்டு வைத்திருக்கவில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் இதைப் படிப்பவர்கள், தந்தையைத் தருமபுரியில் வைத்துப் பார்த்த, பழைய ராஜ்குமார் பாட்டுகளைப் பட்டன் போனில் கேட்கும் அந்த விவசாயியைத் தெரிந்தால், பாலக்கோட்டு அக்கா தேடுகிறாள் என்று சொல்லுங்கள். என் கணவர் பஸ் ஏறும் அளவுக்குத் தேறியதும் இருவருமாக அங்கே வருவதாக இருக்கிறோம். அவருடைய கன்னடப் பாட்டுகளை எனக்கும் ஒரு கார்டில் ஏற்றித் தர வேண்டும். இந்த முறை காசு நான்தான் கொடுப்பேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை, பாலக்கோடு