கார்ல் ஷூர்ட்ஸைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதும் நண்பர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியிலிருந்து வந்து அமெரிக்க அரசியல்வாதியான கார்ல் ஷூர்ட்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவருடைய இளமையே பக்கத்தை நிரப்பிவிடும். 1849இல் ஜெர்மன் புரட்சி தோற்று ராஸ்டாட் கோட்டை விழுந்தபோது கழிவுநீர்க் கால்வாய் வழியாகத் தப்பினார். மறு ஆண்டே திரும்பி வந்து, ஸ்பான்டாவ் சிறையிலிருந்து தன் பேராசிரியர் கிங்கலை மீட்டார். 1852இல் அமெரிக்கா போனார், 1860இல் லிங்கனுக்காக ஊர் ஊராகப் பேசினார். ஸ்பெயினுக்குத் தூதர், அப்புறம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் ஜெனரல். இதையெல்லாம் ஆசையோடு எழுதுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

1863 மே மாதம் சான்சலர்ஸ்வில்லில் தென் தரப்பு ஜெனரல் ஸ்டோன்வால் ஜாக்சனின் படை திடீரென வடக்குப் படையின் பக்கவாட்டில் பாய்ந்தது. அங்கே ஷூர்ட்ஸோடு நின்ற ஜெர்மன்காரர்கள் ஓடிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. வலப்பக்கம் காவலின்றிக் கிடக்கிறது என்று ஷூர்ட்ஸ் முன்பே மேலதிகாரி ஹோவர்டை எச்சரித்திருந்தார், அவர் கேட்கவில்லை. பழி மட்டும் வெளியிலிருந்து வந்தவர்கள் தலையில் விழுந்தது. இந்த அநியாயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும்.

அதைவிட முக்கியம் 1865. போர் முடிந்ததும் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் ஷூர்ட்ஸைத் தென் மாநிலங்களைப் பார்த்து வரச் சொன்னார். விடுதலையான கறுப்பின மக்கள் அடிபடுவதையும் கொல்லப்படுவதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். பழைய முதலாளிகள் அடிமை முறையை வேறு வடிவில் கொண்டுவரப் பார்க்கிறார்கள், விடுதலையானவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தே ஆக வேண்டும் என்றார். ஜான்சனுக்கு அது பிடிக்கவில்லை. என் பார்வையில், ஷூர்ட்ஸ் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான்.

ஆனால் அதே மனிதர்தான் 1869இல் மிசௌரி செனட்டராகி, 1871இல் கறுப்பின மக்களைத் தாக்கிய வெள்ளையர் ரகசியக் கும்பலான கு கிளக்ஸ் கிளானின் வன்முறையை ஒடுக்க வந்த சட்டத்தை எதிர்த்தார். மத்திய அரசின் அதிகாரம் எல்லை மீறுகிறது என்பது அவர் வாதம். அப்போதைய ஜனாதிபதி கிராண்ட் ஆட்சியின் ஊழல்மீது அவருக்கு இருந்த கோபம் நியாயமானதே. என்றாலும், யார் அடிபடுகிறார்கள் என்று நேரில் பார்த்து வந்தவர் இப்படிப் பேசியதை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

1877இல் உள்துறைச் செயலராக அரசு வேலைக்குத் தகுதியே அளவு என்றார், காடுகளைக் காக்க முயன்றார். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் போன்கா பழங்குடியினர் நெப்ராஸ்காவிலிருந்து தெற்கே விரட்டப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். இறந்த மகனைச் சொந்த மண்ணில் புதைக்கப் புறப்பட்ட தலைவர் ஸ்டாண்டிங் பேர் கைதானார். 1879இல் ஒமாஹா நீதிமன்றம்தான் அவரைச் சட்டத்தின் முன் ஒரு மனிதர் என்று ஏற்று விடுவித்தது.

ஷூர்ட்ஸைப் பற்றிய அடுத்த கட்டுரையில் 1865 அறிக்கையையும் 1871 எதிர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஸ்டாண்டிங் பேரின் பெயரையும் விடாமல் எழுதுங்கள்.