அரிசி டிரம்மில் இருந்த புத்தகம்

கோத்தகிரி,
ஞாயிறு இரவு.

ஹாஸ்டல் காலத்து என் தாசில்தாருக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? சின்னவன் பத்தாம் வகுப்புக்கு வந்தும் மட்டையைக் கீழே வைக்கவில்லை என்று சைக்கிள் மேடம் சொன்னார். எட்டு மாதமாக உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. தினமும் காலையில் நீ அனுப்புகிற பூப்படத்துக்கு ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. திட்டு. ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

இங்கே ஐப்பசி மழை விடாமல் அடிக்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து புதன்கிழமை பஸ்ஸே இல்லை. போன வாரம் ஒரு கரடி சத்துணவுக் கூடத்துக் கதவை நெம்பி, எண்ணெய் டின்னைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்கு நான் என்ன பெயர் வைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். மெஸ்ஸில் நம்மை அப்படி மிரட்டியவர் ஒருவர்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேலாகப் பாக்கி.

2015 பொங்கல் சமயம். திருச்செங்கோட்டில் 'மாதொருபாகன்' நாவல் பிரதிகளை எரித்து, நாமக்கல்லில் சமாதானப் பேச்சு என்று கூப்பிட்டு உட்காரவைத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் எழுதினாரே, அந்த வாரம். உங்கள் பள்ளி நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை நீ கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய பேப்பரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தாய். அதை என்னிடம் மட்டும் போனில் சொன்னாய். நான் உன்னை என்னவெல்லாம் பேசினேன்! பயந்தாங்கொள்ளி என்றேன். அவரும் நம்மைப் போல ஒரு தமிழ் வாத்தியார்தானே, அவருக்காக நீ வாயைத் திறக்க வேண்டாமா என்றேன். நீ பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாய். மலை மேலே உட்கார்ந்துகொண்டு அப்படிப் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நானும் ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் ஸ்வெட்டர்களுக்கு அடியில் வைத்தேன். போன சனிக்கிழமை வரை அங்கேதான் கிடந்தது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் உன் அரிசி டிரம் கண்ணில் வந்து நின்றது. மன்னித்துவிடு.

நடந்தது இதுதான். 11ஆம் வகுப்பில் தன்வரலாறு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாமாவின் தலித் தன்வரலாறான 'கருக்கு' என் மேஜையில் இருந்தது. 1992இல் வந்தது; நாம் ஹாஸ்டலில் மொட்டைமாடியில் மாற்றி மாற்றிப் படித்தோமே, அதேதான். அந்த வடைப் பொட்டலம் வருகிற இடத்தை வாசித்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிறாள். தெருப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் தொட்டுக் கொடுத்தால் மேல்சாதி முதலாளிக்குத் தீட்டு என்பதால்தான் அவர் அப்படித் தூக்கிப் போனார் என்று விளக்குகிறான்.

என் வகுப்பும் முதலில் சிரித்தது. அப்புறம் அப்படியே அடங்கிப்போனது. மழைச் சத்தம் மட்டும். அப்போது டான்டீ அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். வாயே திறக்காத பிள்ளை. "எங்க தாத்தா சொல்வாரு டீச்சர், சிலோன்ல துரை எதிர்ல வந்தா குடையை மடக்கிடணுமாம். எவ்வளவு மழை பெஞ்சாலும்" என்றாள். சொல்லும்போதே கையில் இருந்த ஸ்கேலைக் குடை மாதிரி மெல்ல இறக்கிக் காட்டினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 22 வருட வேலையில் ஒரு பாடம் இப்படிப் பற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் பெல் அடித்துவிட்டது. அடுத்தது வேதியியல். நான் புத்தகத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு பையனின் அப்பா எச்.எம். அறையில் உட்கார்ந்திருந்தார். சமவெளியிலிருந்து வந்து இங்கே நிலம் வாங்கிய குடும்பம். சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "என் மகன் வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட, நாமளும் அப்படித்தான் செஞ்சோமான்னு கேட்டுட்டான் டீச்சர். எண்பது வயசு. அழுதுட்டே படுத்தவங்க ராத்திரி சாப்பிடல. ஒண்ணா உக்கார்ற பிள்ளைங்க மத்தியில ஏன் இதைக் கிளப்பறீங்க?" என்றார். புகாரை எழுதியே கொண்டுவந்திருந்தார். எச்.எம். கெட்டவர் இல்லை, ஓய்வுக்கு இன்னும் 14 மாதம் இருக்கிறது. பாடத்திட்டத்தில் இருக்கிறதா, இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, இரண்டும் இல்லை என்றால் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். கொஞ்ச நாளைக்கு அது பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டாம் என்றார். நானும் தலையாட்டிவிட்டு எடுத்துவந்துவிட்டேன்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? அதே வடைப் பொட்டலம் சிபிஎஸ்இ 12ஆம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பல வருடமாகப் பாடம். ஆங்கிலத்தில் படித்தால் ஐந்து மார்க் கேள்வி, தமிழில் வாசித்தால் புகார் மனுவா? நம் மொழியில் எழுதப்பட்டதை நம் பிள்ளைகள் மொழிபெயர்ப்பில்தான் படிக்க வேண்டும் என்றால் நீயும் நானும் எதற்குத் தமிழ் எடுத்தோம்?

பெரிய இடங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. 2020இல் நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலையில் ஒரு மாணவர் அமைப்பு புகார் கொடுத்ததும் அருந்ததி ராயின் புத்தகம் எம்.ஏ. பாடத்திலிருந்து போனது. அடுத்த வருடமே டெல்லி பல்கலையில் மகாசுவேதா தேவி, பாமா, கவிஞர் சுகிர்தராணி மூவரின் எழுத்தையும் பாடத்திலிருந்து எடுத்தார்கள். சுகிர்தராணி ராணிப்பேட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்டீ, நம் வாத்தியார் இனம். எனக்கு இன்னும் ஆறாதது சிபிஎஸ்இ 9ஆம் வகுப்புப் புத்தகத்தில் இருந்த தோள்சீலைப் பாடம். மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டு, 1859இல் திருவிதாங்கூர் மகாராஜாவையே இறங்கிவரச் செய்த கதை. அந்தப் பெண்களின் சமூகத்தைச் சேர்ந்தவர்களே, தங்கள் சமூகத்தைத் தப்பாகக் காட்டுகிறது என்று வருத்தப்பட்டு வழக்குக்குப் போனார்கள். எழுதிய விதத்தில் பிழை இருந்திருக்கலாம், திருத்தலாம். 2016 கடைசியில் சிபிஎஸ்இ அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று சொல்லிவிட்டது. தேர்வில் வராததை எந்த வாத்தியார் நடத்துவார், சொல். ஜெயித்தவர்களின் கதையே இப்படி வகுப்பறையை விட்டு வெளியே போய்விட்டது.

ஆனால் இந்த மூன்று வாரமாக ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததில் இன்னொன்றும் பிடிபட்டது. 2016 ஜூலையில் பெருமாள்முருகன் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது நீதான் முதலில் போன் செய்தாய், அழுதுகொண்டே. புத்தகத்தைப் படி என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, பிடிக்காதவர் தூக்கிப் போட்டுவிடலாம் என்றது தீர்ப்பு. எவ்வளவு சரியான பேச்சு! ஆனால் என் வகுப்பில் 42 பிள்ளைகள். எவரும் பெல் அடிக்கும்வரை எழுந்து போக முடியாது. பிடிக்கவில்லை என்று தூக்கிப் போட முடியாது. கடையில் வாங்கிப் படிக்கிறவருக்கு இருக்கிற அந்த விடுதலை என் பிள்ளைகளுக்கு இல்லை. அப்படியென்றால் அந்த 40 நிமிடத்துக்கும் அதற்குப் பின்னால் அவர்கள் வீட்டுக்குத் தூக்கிப்போகிற கேள்விக்கும் நான்தானே பொறுப்பு? அந்தப் பையன் தப்பே செய்யவில்லை. அவனுக்குள் ஒரு கேள்வியை மூட்டிவிட்டு, பெல் அடித்ததும் நான் போய்விட்டேன். அவன் அதை ஒற்றை ஆளாகச் சுமந்துபோய்ப் பாட்டியின் மடியில் இறக்கினான்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, நாம்தான் கிளப்புகிறோம் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்குநேரியில் 2023இல் ஒரு பையனை அவன் பள்ளிக்கூடத்துப் பையன்களே வீட்டுக்குப் போய் வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கையையும் சேர்த்து. எந்தப் புத்தகம் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது? நீதிபதி சந்துரு 2024இல் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் கட்டுகிற வண்ணக் கயிறுக்குத் தடை கேட்க வேண்டியிருந்ததே. கயிறு மணிக்கட்டில் ஏறி வகுப்புக்குள் வந்துவிடுகிறது. அதைப் பற்றிப் பேசுகிற புத்தகத்துக்கு மட்டும் வாசலில் தடையா?

போன சனிக்கிழமை பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்கு நடந்தே போனேன். அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். பாட்டி அடுப்பங்கரையில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அந்தப் புஸ்தகத்துல அப்படி என்னதான் எழுதியிருக்கு, படி" என்றார். அந்த ஒன்றரைப் பக்கத்தையும் வாசித்தேன். பேரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க ஊர்ல வீட்டுக்குப் பின்னால கூரை எறவாணத்துல ஒரு தகரக் குவளை சொருகியிருக்கும். வேலைக்கு வர்றவங்க அவங்களே எடுத்துக் கழுவி நீட்டணும், நான் மேல இருந்து ஊத்துவேன். எங்க மாமியார் அப்படித்தான் சொல்லிக்குடுத்தா" என்றார். இரண்டு கையையும் மேலே தூக்கி ஊற்றிக் காட்டினார், இத்தனை உயரம் என்று. "இவன் கேட்டதும் அந்தக் குவளைதான் ஞாபகம் வந்துச்சு. இவங்கிட்ட என்னன்னு சொல்ல?" அந்தப் பையன் வந்து பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தான். நான் காபி குடித்துவிட்டு எழுந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அப்பா புகாரைத் திரும்பப் பெறவில்லை. தன்னிடம் கேட்காமல் நான் அவர் அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வந்ததே தப்பு என்று இன்னும் கோபமாக இருக்கிறார். அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது. வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்துவிடுங்கள், முடித்துவிடலாம் என்கிறார் எச்.எம். பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததற்கு வருத்தம் எழுதித் தருகிறேன், வாசித்ததற்கு எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்வேன், இரண்டு பீரியட் சேர்த்து வாங்குவேன் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்போது உன் உதவி வேண்டும். வகுப்பு முடிகிற கடைசிக் கால் மணி நேரத்தில் பிள்ளைகளிடம் பெயர் போடாத சீட்டு எழுதி வாங்குவாயே, அதை எப்படிச் செய்கிறாய்? சீட்டுகளை அன்றைக்கே வாசித்துப் பதில் சொல்வாயா, மறுநாளா? அழுகிற பிள்ளையை என்ன செய்வாய்? விவரமாக எழுது, வியாழனுக்குள் வேண்டும். போனில் சொல்லாதே, கூட்டத்தில் கையில் வைத்துப் பேசத் தாளாக வேண்டும்.

அரிசி டிரம்மில் இருந்த பிரதி இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது? அரையாண்டு விடுமுறைக்கு நீ வந்தே ஆக வேண்டும், அப்போது அதையும் எடுத்து வா. வண்டு துளைத்திருந்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு வர்க்கி வாங்கி வைக்கிறேன். ஸ்வெட்டரை மறக்காதே, போன தடவை என்னுடையதைப் போட்டுக்கொண்டு போனவள் இன்னும் திருப்பித் தரவில்லை.

உன்
ரூம் நம்பர் 17