ஷூ வாங்கச் சொல்வதற்கு முன் பெடலைக் காட்டுங்கள்

வடசென்னை ஜிம் உரிமையாளர்களுக்கும், சைக்கிள் வகுப்பு எடுக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

பெரம்பூர், கொளத்தூரில் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரை ஸ்பின் சைக்கிள் (நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி வண்டி) வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த மடல். பாக்சிங் ஷூ, கால்பந்து பூட் என்றால் நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் விவரம் சொல்வார். சைக்கிள் வகுப்பு ஷூவைப் பற்றிக் கேட்கத்தான் ஆள் இல்லை. அதன் அடியில் போல்ட்டில் மாட்டும் ‘கிளீட்’ என்ற துண்டு, பெடலில் பூட்டிக்கொள்ளும். “நல்ல ஷூ ஒண்ணு வாங்கிடுங்க” என்று நீங்கள் சொல்லும் ஒரே வரியை நம்பி ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள். வந்த ஷூ உங்கள் பெடலில் மாட்டுவதில்லை. அதனால் இரண்டு காரியம் கேட்கிறோம். உங்கள் வண்டியில் இருப்பது எந்தப் பெடல் என்று எழுதி ஒட்டுங்கள். காலை மாட்டவும் கழற்றவும், வகுப்பில் பாட்டுப் போடுவதற்கு முன்பே சொல்லிக்கொடுங்கள்.

பெடலில் முக்கியமாக இரண்டு வகை. ஷிமானோ நிறுவனம் 1990-இல் கொண்டுவந்த எஸ்.பி.டி. பெடலின் கிளீட் சின்ன இரும்புத் துண்டு. இரண்டு போல்ட்டில் நிற்கும், பெரும்பாலான ஷூக்களில் அடிப்பாகத்துக் குழிக்குள் அடங்கியிருக்கும். லுக் நிறுவனம் 1984-இல் விட்ட டெல்டா பெடலின் கிளீட் பெரிய பிளாஸ்டிக் முக்கோணம். மூன்று போல்ட், அடியில் துருத்திக்கொண்டிருக்கும். வகுப்பு வண்டிகளில் அதிகம் பார்ப்பது ஒரு பக்கம் கூண்டும் (சாதாரண ஷூவைச் செருகி வாரால் இறுக்குவது) மறுபக்கம் எஸ்.பி.டி.யும் உள்ள பெடல். ஆனால் பெலோட்டான் என்ற அமெரிக்க உடற்பயிற்சி சைக்கிளின் பெயரைச் சொல்லி, ‘பெலோட்டானுக்குப் பொருந்தும்’ என்று கிளீட்டோடு விற்கிற ஷூக்களில் வருவது டெல்டா. விலையைப் பார்த்து வாங்கி ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. லுக் டெல்டா, லுக் கியோ, ஷிமானோ எஸ்.பி.டி.-எஸ்.எல். என்ற மூன்று வகைப் பெடல்களின் கிளீட்டும் அதே மூன்று துளை ஷூவில் ஏறும். ஆனால் ஒன்றின் கிளீட் இன்னொன்றின் பெடலில் பூட்டாது. “மூணு துளை ஷூ” என்று மட்டும் சொன்னால் பாதி விவரம்தான் சொன்னதாகும்.

பெடல் எஸ்.பி.டி. என்றால் குழிக்குள் கிளீட் அடங்கும் இரண்டு துளை ஷூவையே சொல்லுங்கள். நம் ஜிம்களில் பல, கடைகளுக்கு மேலே மாடியில் இருக்கின்றன. குறுகிய படி, டைல்ஸ் போட்ட தரை. துருத்திய பிளாஸ்டிக் கிளீட்டோடு அதில் ஏறி இறங்குவது முட்டியைப் பணயம் வைப்பது. எந்த வகையானாலும் அதைப் போட்டுக்கொண்டு டூவீலர் ஓட்டி வர வேண்டாம். அடிப்பாகம் வளையாது, கியரும் பிரேக்கும் காலுக்குத் தெரியாது. செருப்பில் வந்து ஜிம்மில் மாற்றிக்கொள்ளட்டும். தெரு மண் கிளீட்டுக்குள் போகாமல் இருப்பது கூடுதல் லாபம்.

ஓடும் ஷூவே போதாதா என்று கேட்பார்கள். முதல் சில வகுப்புகளுக்குப் போதும், கூண்டுப் பக்கம் மாட்டி வாரை இறுக்கிக்கொண்டால். ஆனால் அதன் மெத்தை அடிப்பாகம் பெடலின் மேல் மடங்குகிறது. அழுத்தம் ஒரே இடத்தில் குவிந்து முன்பாதம் எரியும், விரல் மரக்கும். சைக்கிள் ஷூவின் விறைப்பு அதற்குத்தான்.

அளவு விஷயத்தில் அவசரம் கூடாது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, வகுப்புக்குப் போடும் சாக்ஸோடு இரண்டு பாதத்தையும் மி.மீ. கணக்கில் அளக்க வேண்டும். பெரிய பாதமே கணக்கு. விரலுக்கு முன்னால் 5 முதல் 10 மி.மீ. இடம் வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. வருஷம் முழுக்கச் செருப்பில் நடக்கிற பலருக்கு முன்பாதம் அகலம். அவர்கள் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிச் சமாளிப்பார்கள். அது தப்பு. ஷூ நீண்டால் கிளீட் துளையும் முன்னால் போய்விடும், கெண்டைக்கால் வலிக்கும். அகல வடிவம் தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்கச் சொல்லுங்கள். கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டை போதும். லேஸ் என்றால் முனையை உள்ளே செருக வேண்டும், கிராங்கில் (பெடலைத் தாங்கும் இரும்புக் கை) சிக்கும்.

கிளீட் மாட்டுவதை நீங்களே செய்துகொடுத்தால் நல்லது. கட்டைவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் ஷூவின் மேலிருந்தே தடவிப் பார்த்து டேப்பில் குறியுங்கள். கிளீட்டின் நடு, இந்த இரண்டு குறிக்கும் இடையில் வர வேண்டும். மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தக் கோணமே கிளீட்டுக்கும். போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ், 4 மி.மீ. ஆலன் கீ, 5-6 நியூட்டன் மீட்டர் இறுக்கம். இரண்டு மூன்று வகுப்பு கழித்து மறுபடியும் இறுக்கிப் பாருங்கள். இதை விட்டால் வருவது சின்னக் கோளாறு அல்ல. போல்ட் தளர்ந்தால் குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டும் சுழலும், கிளீட் பெடலிலேயே பூட்டிக்கிடக்கும், கால் வெளியே வராது. அப்போது வண்டியை நிறுத்தி, பட்டையைக் கழற்றி, ஷூவை விட்டுவிட்டுக் காலை எடுப்பதுதான் வழி.

பெடல் எஸ்.பி.டி. என்றால் புதியவர்களுக்கு ஷிமானோவின் எஸ்.எச்.56 என்ற கிளீட்டைச் சொல்லலாம். குதிகாலை வெளியே திருப்பினால் மட்டும் அல்லாமல், வேறு திசைகளில் இழுத்தாலும் விடும். பழகிய பின், எழுந்து வேகமாக மிதிக்கும்போது தானாகக் கழன்றால் குதிகாலைத் திருப்பினால் மட்டுமே விடும் எஸ்.எச்.51-க்கு மாறலாம். பெடல் ஸ்ப்ரிங்கை 3 மி.மீ. ஆலன் கீயால் மிகக் குறைந்த இறுக்கத்தில் வையுங்கள். ஒரே வண்டியில் இடது பெடல் ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி இருப்பது ஜிம்களில் சகஜம். தயவுசெய்து எல்லாவற்றையும் ஒரே அளவாக்குங்கள்.

பழக்குவதற்குப் பத்து நிமிடம் போதும். ரெசிஸ்டன்ஸை (மிதிப்பின் இறுக்கம்) முழுக்க ஏற்றி ஃபிளைவீலை (கனமான சுழல் சக்கரம்) நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்து உட்காரட்டும். விரல் பக்கம் முதலில் செருகி, குதிகாலை அழுத்தினால் ‘டக்’ என்று கேட்கும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும். மேலே இழுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு. ஒரு காலுக்குப் பத்து முறையாவது செய்யட்டும். பல ஸ்பின் வண்டிகளில் ஃபிளைவீல் பெடலோடு பிணைந்தது, மிதிப்பதை விட்டாலும் பெடல் சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும்போது காலை எடுத்தால் கெண்டையிலோ கணுக்காலிலோ அடி விழும். பிரேக்குக்கு எந்தக் குமிழை அழுத்த வேண்டும் என்று முதலில் காட்டுங்கள். முதல் வகுப்பில் எழுந்து மிதிக்க வேண்டாம்.

ஷூ மாறினால் சீட் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும், அடிப்பாகத்தின் தடிமன் மாறியிருக்கும். பெடல் கீழே இருக்கும்போது முட்டியில் 25 முதல் 35 பாகை மடிப்பு இருந்தால் சரி. முட்டியின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் கிளீட்டின் கோணத்தைப் பாருங்கள். விரல் மரத்தால் முன் பட்டையைத் தளர்த்துங்கள். அப்போதும் போகாவிட்டால் கிளீட்டை 2 மி.மீ. பின்னே தள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

ராயபுரம், எண்ணூர் கடற்காற்றில் வியர்வையும் சேர்ந்தால் போல்ட் தலை துருப்பிடிக்கும், பிறகு ஆலன் கீ நழுவும். மாதம் ஒரு முறை கழற்றி கிரீஸ் தடவச் சொல்லுங்கள். இரவல் ஷூ வைத்திருக்கும் ஜிம்கள் சாக்ஸைக் கட்டாயமாக்க வேண்டும். ஷூவைப் பையில் மூடி வைக்காமல் ஃபேன் காற்றில் உலர்த்துங்கள், ஈர ஷூவாலும் சேற்றுப்புண் பரவும்.

ஒட்ட வேண்டிய சீட்டு இவ்வளவே: ‘எங்கள் பெடல் எஸ்.பி.டி. இரண்டு துளை ஷூ வாங்கவும். கிளீட்டை நாங்கள் மாட்டித் தருகிறோம். முதல் வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வரவும்.’ பெடல் டெல்டாவாக இருந்தால் பெயரையும் துளை எண்ணிக்கையையும் மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஒரு ஆணியில் 3, 4 மி.மீ. ஆலன் கீ இரண்டையும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கட்டாவிட்டால் ஒரு வாரத்தில் காணாமல் போகும்.

இப்படிக்கு,
வகுப்புக்கு வருகிறவர்களும் சைக்கிள் பழுதுபார்க்கிறவர்களும்,
வடசென்னை