ஐஸ் மேக்கர் விற்பவர்களுக்கு வேலூரிலிருந்து ஒரு மடல்

பிரிட்ஜ் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் அவற்றின் சர்வீஸ் பிரிவினருக்கும் வணக்கம்.

ஆற்றில் நீரில்லை, கோட்டையில் ராஜா இல்லை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ஐஸ் விழாத ஐஸ் மேக்கரையும் இப்போது அதில் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீர் பைப் இணைக்கும் பெரிய பிரிட்ஜ் வாங்கிய வீடுகளில், சத்துவாச்சாரியோ காட்பாடியோ, கேட்டுப் பாருங்கள். ஐஸ் சிறுத்து வருகிறது, இல்லையென்றால் உள்ளே பொந்தாக வருகிறது, கடைசியில் வருவதே இல்லை. சர்வீஸுக்கு வரும் ஆள் சொல்வது ஒன்றுதான்: “யூனிட் போயிடுச்சு சார், மாத்தணும்.”

பல வீடுகளில் யூனிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீருக்கு அழுத்தம் போதவில்லை. பெரும்பாலான கையேடுகளில் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அடிக்கணக்கில் சொன்னால், பிரிட்ஜுக்கு மேலே சுமார் 46 அடி உயரத்தில் தொட்டி இருக்க வேண்டும். அதாவது நான்கு மாடி! இங்கே மாநகராட்சித் தண்ணீர் சம்பில் விழும். மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். அங்கிருந்து தானாக இறங்கி வரும். சாதாரண வீட்டின் சமையலறைக்கு 15, 20 அடி கிடைத்தாலே பெரிது. ஆர்.ஓ.விலிருந்து இணைத்துக்கொள்ளுங்கள் என்று சில கடைகளில் யோசனை வேறு. சுவரில் மாட்டிய ஆர்.ஓ. டேங்கில் என்ன உயரம் இருக்கிறது?

அழுத்தம் குறைந்தால் தட்டு நிரம்பாது என்பதோடு விஷயம் முடிவதில்லை. பிரிட்ஜுக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் இன்லெட் வால்வு இறுக மூடுவதே தண்ணீரின் அழுத்தத்தை நம்பித்தான். அது போதாதபோது வால்வு கசியும். சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீர் பிரீசருக்குள் நுழையும் குழாயிலேயே உறைந்து வழியை அடைத்துவிடும். பிரிட்ஜை அணைத்து உருகவிட்டால் ஐஸ் திரும்ப வரும். அழுத்தம் அப்படியே இருப்பதால் மறுபடி அடைக்கும். இதற்குத்தான் புது யூனிட் மாட்டிப் பணம் வாங்குகிறீர்கள்.

அடுத்தது போர் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, வால்வின் வாயிலுள்ள சின்ன சல்லடையையும் அடைக்கும். தண்ணீரை நிறுத்தி, கழற்றிக் கழுவிப் பார்க்க வேண்டிய இடம் அது. எத்தனை டெக்னீசியன்கள் கழற்றிப் பார்க்கிறார்கள்? ஐஸ் மேக்கரை நிறுத்தும் கம்பி, வேலை செய்யும் நிலையில், கீழே இருக்கிறதா, பிரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறதா என்பதையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம். பிரஷர் மீட்டர் எங்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கும்.

ஆகவே, பிரிட்ஜைப் பொருத்தும்போதே மீட்டரை வைத்து அளந்து, போதுமா போதாதா என்பதை வாரண்டி அட்டையில் எழுதிக் கொடுங்கள். கையேட்டில் தொட்டியின் உயரத்தைத் தமிழில், அடியில் அச்சிடுங்கள். போதாத வீட்டுக்குச் சின்ன பூஸ்டர் பம்ப் தேவை என்பதை விற்கும்போதே சொல்லுங்கள், பில் போட்ட பிறகு அல்ல. பைப்பே வேண்டாம், கையால் தண்ணீர் ஊற்றும் டேங்க் உள்ள மாடல் போதும் என்றால் அதையும் மறைக்காதீர்கள். விலை குறைவு என்பதற்காக அதைக் கடையின் மூலையில் தள்ளிவைக்க வேண்டியதில்லை. கேன் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அதுதான் சரி.

கத்திரி மே 4 வாக்கில் தொடங்கிவிடும். இங்கே வெயில் அதற்கு முன்பே சதமடித்துவிடும். உங்கள் கடைக்காரர்களுக்கு மார்ச்சிலேயே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி வாடிக்கையாளர் ஒருவர்