கொழுந்து எடை போடும் இடத்தில் 1930

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோத்தகிரி பக்கம் முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெரியம்மா ஒருவருக்கு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவருடைய வாட்ஸ்அப்புக்கு, மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் உதவித்தொகையான பி.எம். கிசான் பெயரில் ஒரு ஃபைல் வந்தது. பின்னாலேயே போன். "இ-கே.ஒய்.சி. (ஆதார் சரிபார்ப்பு) முடிக்கவில்லை, தவணை நின்றுவிடும். அனுப்பியிருக்கும் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா" என்று நல்ல தமிழில், மரியாதையாகவே பேசியிருக்கிறான். நான்கு மாதத்துக்கு ஒரு முறை வருகிற 2,000 ரூபாய் அவருக்குச் சின்னத் தொகை இல்லை. போட்டுவிட்டார். ஓ.டி.பி.யை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. போனுக்கு வருகிற எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் அந்த ஆப்பே திருடர்களுக்கு அனுப்பிவிடும். "ஓ.டி.பி. சொல்லாதீர்கள்" என்று மட்டுமே கேட்டுப் பழகிய நமக்கு இது தெரிவதில்லை. இருட்டுவதற்குள் தேயிலைக் கொழுந்து விற்ற பணமும் சேர்த்து 46,000 ரூபாய் போய்விட்டது.

அப்புறம் நடந்ததுதான் என்னை இன்னும் வாட்டுகிறது. கோவையில் இருக்கும் மகன் திட்டுவான் என்று பயந்து இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை பஸ் பிடித்து வங்கிக்குப் போனார். போலீஸுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இணைய வழியில் பணத்தை ஏமாந்தவர்கள் புகார் சொல்வதற்கான 1930 என்ற எண்ணை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. விஷயம் என் காதுக்கு வந்து நான் அந்த எண்ணை அழைத்தபோது, பணம் பல கணக்குகள் தாண்டி எடுக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமையே அழைத்திருந்தால்? 1930 ராத்திரியிலும் விடுமுறையிலும் இயங்குகிறது. புகாரைப் பதிந்தவுடன், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். கணக்கில் மிச்சம் இருப்பதை முடக்கி வைப்பார்கள். திருடர்கள் நிமிடக் கணக்கில் பணத்தை மாற்றுகிறார்கள் என்பதால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். கூடவே சொந்த வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தவறு நம்முடையதாகவே இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. ஏமாந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மலையில் பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் தனியாக என்ற வீடுகள்தான் அதிகம். அவர்கள் வங்கிச் சுவரில் இருக்கும் ஆங்கிலப் போஸ்டரைப் படிக்கப் போவதில்லை. ஆனால் கொழுந்து எடை போடும் இடத்துக்கு மூட்டையோடு வந்து நிற்கிறார்கள், இலை விலை என்ன என்று சுவரைப் பார்க்கிறார்கள். அந்த விலைக்குப் பக்கத்தில் "பணம் போனால் உடனே 1930" என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஒரு டப்பா பெயின்ட் போதும். மாவட்ட நிர்வாகம் இதைச் சொல்லிச் செய்ய வைக்க வேண்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அம்மா போன் செய்து "ஏமாந்துட்டேன்பா" என்றால், எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஏன் என்றும் கேட்காதீர்கள். முதலில் 1930-ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.