கண்ணாடித் தூசிக்குத் தனி அளவு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சூரிய மின் நிலையங்களில் தூசியால் வரும் இழப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். பேனல்களுக்கான கணக்கையே, கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி எடுக்கும் நிலையங்களுக்கும் அதில் பொருத்தியிருக்கிறீர்கள். இது சரியில்லை.

பேனலில் தூசி படிந்தாலும், துகளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு பங்கு உள்ளே போய் மின்சாரமாகிவிடும். கண்ணாடிக்கு அந்தச் சலுகை கிடையாது. குவிந்த வெயிலை வாங்கி நீராவியாக்கும் கோபுரம் தொலைவில் நிற்கிறது. அதன் உச்சிக்குக் கண்ணாடி ஒளியைக் குறி தவறாமல் அனுப்ப வேண்டும். சற்று விலகினாலும் வீண்தான். போதாததற்கு, ஒளி தூசிப் படலத்தை இரண்டு முறை கடக்கிறது. உள்ளே வரும்போது ஒரு முறை, வெள்ளிப் பூச்சில் பட்டுத் திரும்பும்போது மறுமுறை.

ஆகவே எதை அளக்கிறோம் என்பது முக்கியம். திரும்பி வரும் ஒளி முழுவதையும் கூட்டிச் சொல்லும் கருவி, பக்கவாட்டில் சிதறியதையும் சேர்த்துக்கொண்டு அழுக்குக் கண்ணாடிக்கு நல்ல மதிப்பெண் கொடுத்துவிடும். நமக்கு வேண்டியது ஒழுங்கான எதிரொளிப்பு, அதுவும் மிகக் குறுகிய கோணத்துக்குள். வானில் சூரிய வட்டத்தின் அகலமே சுமார் அரை டிகிரிதான். கையடக்க ரிஃப்ளெக்டோமீட்டர் இப்படித்தான் அளக்கிறது: மெல்லிய ஒளிக்கற்றையை அனுப்பி, திரும்புவதைச் சிறு துளை வழியே பிடிக்கிறது. நல்ல வெள்ளிக் கண்ணாடி துடைத்த நிலையில் சுமார் 93 முதல் 95 சதவீதம் காட்டும். தூசி படிந்தபின் கிடைக்கும் அளவை அதனால் வகுத்தால் தூய்மை விகிதம் வந்துவிடும்.

ஆனால் அந்தக் கருவி ஒரு நேரத்தில் பார்ப்பது ஒரு சின்ன வட்டத்தை மட்டும்தான். கலிஃபோர்னியாவின் ஐவன்பா நிலையத்தை ஏறத்தாழ 1,73,500 ஹீலியோஸ்டாட்டுகளோடு, அதாவது சூரியனுக்கேற்பத் திரும்பும் கண்ணாடித் தாங்கிகளோடு, கட்டினார்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணாடிகள். அத்தனையையும் யார் போய் அளப்பது? மாதிரிகளைத்தான் எடுக்க முடியும். அங்கேதான் தவறு நுழைகிறது. மண்சாலை ஓரத்து வரிசையும் நடு வரிசையும் ஒன்றல்ல, ஒரே கண்ணாடியின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்கூட ஒன்றல்ல. இரவில் எந்தச் சாய்வில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தும் தூசி மாறும். பனி இறங்கினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பெருமழை கழுவிவிடும், தூறலோ கறையை விட்டுப்போகும்.

தானாக அளக்கும் ஏற்பாடும் உண்டு. நேரடி வெயிலை அளக்கும் பைர்ஹீலியோமீட்டரை மாதிரிக் கண்ணாடியில் தெரியும் சூரியனை நோக்கி வைத்து, நேராகச் சூரியனைப் பார்க்கும் இன்னொன்றோடு ஒப்பிடுவார்கள். நல்ல வழிதான். ஆனால் மாதிரிக் கண்ணாடியும் களத்துக் கண்ணாடிகளைப் போலவே திரும்பிச் சாய வேண்டும். இல்லையென்றால் அதில் படிவது வேறு தூசி.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், இந்த நிலையங்கள் பெரும்பாலும் வறண்ட நிலத்தில் இருக்கின்றன. அளக்காமல் நாள்காட்டியைப் பார்த்துக் கழுவினால் அருமையான தண்ணீர் போகும். புழுதிக்காற்று அடித்த பிறகும் முறை வரட்டும் என்று காத்திருந்தால் உற்பத்தி போகும்.

அடுத்த முறை இழப்புச் சதவீதம் ஒன்றை அச்சிடும்போது, எந்தக் கருவியால், எந்தக் கோணத்துக்குள், எத்தனை கண்ணாடிகளில், கழுவி எத்தனை நாள் கழித்து அளந்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்