ஸ்டாலெக் கோட்டைக்குப் போகும் படிக்கட்டு

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் ஜேர்மனியின் ரைன் நதிக்கரைக் கோட்டைகள் பற்றி வந்த பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். பாக்கராக் ஊருக்கு மேலே மலையில் நிற்கும் ஸ்டாலெக் கோட்டையைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் ‘எண்ணூறு ஆண்டுகளாக மாறாமல் நிற்கும் கோட்டை’ என்று எழுதியது சரியல்ல. அதைவிட என்னை வருத்தியது, கோட்டைக்கு ஏறும் வழியிலுள்ள வெர்னர் தேவாலயத்தை ‘படமெடுக்க ஏற்ற அழகிய இடிபாடு’ என்று ஒரே வரியில் கடந்து போனதுதான்.

கோட்டை 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது உண்மை. ஆனால் 1689இல் பிரெஞ்சுப் படையினர் வெடிவைத்து அதைத் தகர்த்துவிட்டார்கள். பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அது வெறும் இடிந்த சுவர்கள். 1909இல் மரபுரிமைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அந்த இடத்தை வாங்கியது. 1925இல் மீளக் கட்டத் தொடங்கியதே இளைஞர் விடுதிக்காகத்தான். கோபுர வேலை 1967 வரை இழுத்தது. ஆக, இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி பிரபுக்களுக்காகக் கட்டியதல்ல. முதுகில் பையோடு நடந்துவரும் பிள்ளைகள் படுத்துறங்கவென்று கட்டியது. அந்தக் கோட்டையில் எனக்கு மிகவும் பிடித்த விடயமும் இதுவே.

மைன்ஸில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறேன். எங்கள் மூத்த வகுப்பை அங்கே தங்க அழைத்துப் போயிருந்தோம். படுக்கை விரிப்பைக் கையில் தந்துவிடுவார்கள். தலையணைக்கு உறை போடுவதும் மெத்தைக்கு விரிப்பு இழுத்துவிடுவதும் அவரவர் வேலை. வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காத பையன்கள் சாப்பிட்ட மேசையைத் துடைத்தார்கள். இரவு முழுவதும் ஆற்றின் இரு கரையிலும் சரக்கு ரயில்கள் ஓடும். அந்தச் சத்தத்திலும் பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள்.

மறுநாள் படிகளில் இறங்கும்போது ஒரு மாணவி கேட்டாள்: “ரீச்சர், இந்த வெர்னர் யார்?”

பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? செந்நிறக் கல்லில் எழுந்து, கூரையற்று, வானம் தெரிய நிற்கும் அந்தச் சாளரங்களின் கீழ் அவர்களை உட்காரவைத்துச் சொன்னேன். 1287இல் வெர்னர் என்ற கூலிக்காரப் பையனின் உடல் பாக்கராக் அருகே கிடந்தது. ஓபர்வேசல் ஊர் யூதர்கள் அவனைச் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று வதந்தி கிளம்பியது. ரைன், மோசல் ஆற்றங்கரை ஊர்களில் யூதக் குடும்பங்கள் கொன்றழிக்கப்பட்டன. அப்போதைய ஜேர்மன் மன்னர் ருடோல்ப் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. யூதர்களைக் கொன்றவர்கள் மீது தண்டமும் விதித்தார். ஆனாலும் மக்கள் வெர்னரைப் புனிதனாக வணங்கினார்கள், அவனுக்காகவே இந்தத் தேவாலயத்தை எழுப்பினார்கள். ட்ரியர் கத்தோலிக்க மறைமாவட்டம் அவன் பெயரைத் தன் புனிதர் நாட்காட்டியிலிருந்து நீக்கியது 1963இல்தான். கோட்டையை வெடிவைத்தபோது சரிந்த கற்கள் இந்தத் தேவாலயத்தையும் சிதைத்தன.

பிள்ளைகள் வெகுநேரம் கேள்வி கேட்டார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வதந்தி பரவிய தெருக்களிலிருந்து உயிர் தப்பியோடிய குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுக்குள் இருந்தார்கள். வீட்டில் அரைகுறையாகக் கேட்ட கதைகளை அன்று அந்தப் படியில் அமர்ந்து முழுதாகப் பேசினார்கள்.

கோட்டைக்குள்ளும் இருண்ட காலம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, ஜேர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த லக்சம்பேர்க் மாணவர்களை நாஜிகள் இங்கே கொண்டுவந்து அடைத்து, தங்கள் கொள்கையைத் திணித்தார்கள். எங்கள் பிள்ளைகளின் வயதை ஒத்தவர்கள் அவர்கள்.

இவற்றைச் சொன்னால் சுற்றுலா மனநிலை கெட்டுவிடும் என்று கட்டுரையாளர் நினைத்திருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் கெடவில்லை. அன்று மாலையே முற்றத்தில் பந்து விளையாடினார்கள், கோட்டையின் நீர் நிறைந்த அகழியை எட்டிப்பார்த்து ஆரவாரம் செய்தார்கள்.

வெர்னர் தேவாலயம் எதற்காக எழுந்தது என்பதை அடுத்த ஞாயிறு இதழில் சில வரிகளிலாவது சேர்த்து வெளியிடும்படி வேண்டுகிறேன். பாக்கராக் போகும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காரில் மேலே போய் இறங்க வேண்டாம். புனித பேதுரு ஆலயத்தின் பக்கத்திலிருந்து ஏறும் படிக்கட்டைப் பிடியுங்கள். தேவாலயம் அந்த வழியில்தான் இருக்கிறது. அந்த யூதர் படுகொலைகளை நினைவுகூரும் பலகையும் அங்கே உண்டு. ஜேர்மன் தெரிந்தவர்கள் கூட வருபவர்களுக்கு அதை வாசித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
மைன்ஸ், ஜேர்மனி